இரண்டாவது படியில் நின்ற ஸ்கிரிப்ட்

அன்று நடந்தவை, நடந்த வரிசையில்:

1. காலை ஏழு மணிக்கு அம்மாவுக்கு இன்சுலின் போட்டுவிட்டு விழுப்புரத்தில் பஸ் ஏறினேன்.
2. திண்டிவனத்தில் ஒரு சின்ன மென்பொருள் அலுவலகத்தில் எனக்கு வேலைத் தேர்வு. வாசலிலேயே ஒரு பிளாஸ்டிக் கூடையில் போனைப் போடச் சொன்னார்கள். போட்டேன்.
3. அவர்களுடைய கணினியில் என் ஸ்கிரிப்டை ஓடவிட்டேன்.
4. முதல் படி முடிந்தது. இரண்டாவது படி, என் கிளவுட் கணக்கில் பதிந்திருக்கும் போனுக்கு வந்த ஆறு இலக்க எண்ணைக் கேட்டது.
5. அது அம்மாவின் போன்.
6. அம்மா எண்ணைத் தரவில்லை.

ஆறாவதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கோ இருக்கும் ஒரு கணினியை இணையம் வழியே எடுத்து, புரோகிராம் எழுதுபவர்களுக்கு வேண்டிய எல்லாவற்றையும் அதில் ஏற்றித் தர வேண்டும், அதுதான் தேர்வு. கிளவுடில் வேலைக்கான இடத்தைத் தயார் செய்வது என்பது இதுதான். கையால் செய்தால் அரை நாள் ஆகும், எங்காவது ஒன்று விட்டும் போகும். அதனால் ஒவ்வொரு கட்டளையையும் வரிசையாக எழுதி, ஏழு படிகளாகப் பிரித்து, ஒரே ஸ்கிரிப்டாக வைத்திருந்தேன். வீட்டில் பதினோரு முறை ஓட்டிப் பார்த்தேன். பதினோரு முறையும் தானாகவே ஓடி முடிந்தது.

என் லேப்டாப்பை அந்தக் கணக்குக்குத் தெரியும், அதனால் அது எதுவும் கேட்டதில்லை. திண்டிவனத்துக் கணினி அதற்குப் புதிது. கல்லூரியில் கணக்குத் தொடங்கியபோது என்னிடம் சொந்தமாக போன் கிடையாது, அம்மாவின் எண்ணைக் கொடுத்திருந்தேன். ஆளே இல்லாமல் உள்ளே போக, ரகசியச் சாவி ஒன்றை ஸ்கிரிப்டிலேயே எழுதிவைக்கலாம். அடுத்தவர் கணினியில் சாவியை விட்டுவிட்டு வரக் கூடாது என்று முந்தின நாள்தான் அதை அழித்திருந்தேன்.

இந்த வேலை எனக்குக் கிடைத்தே ஆக வேண்டும். திண்டிவனம் என்றால் தினமும் போய்வரலாம். அம்மாவுக்குக் காலையிலும் மாலையிலும் ஊசி போடுவது நான்தான். தானே போட்டுக்கொள்ளச் சொன்னால் ஊசியைக் கையில் எடுத்ததுமே கண்ணை மூடிக்கொள்கிறார். வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான்.

தேர்வை நடத்தியவர் நாற்பது வயதுக்காரர், அமைதியானவர். அந்த எண் பத்து நிமிடம்தான் செல்லும் என்றேன். மேஜை மேலிருந்த ஆபீஸ் போனை என் பக்கம் தள்ளினார்.

அம்மா மல்லாட்டை மண்டியில், வேர்க்கடலையில் சொத்தை பொறுக்கும் வேலையில் இருந்தார்.

"அம்மா, நான்தான். உன் போனுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும். சீக்கிரம் சொல்லு."

மண்டிச் சத்தத்துக்கு நடுவே அம்மாவின் குரல் வந்தது.

"யாரு பேசறது?"

"நான்தாம்மா."

"எம் பொண்ணு இன்டர்வியூல இருக்கா. போனை வாங்கி வெச்சிக்குவாங்கன்னு சொல்லிட்டுத்தான் போனா. நீ யாரு?"

"நேத்து ராத்திரி கேப்பைக் கூழ் காய்ச்சினே. உப்பு பத்தலன்னு சொன்னேன் இல்ல?"

"விழுப்புரத்துல பாதி வீட்ல நேத்து கூழுதான். போனை வைடி."

அம்மாவே வைத்துவிட்டார்.

எங்கள் வீட்டு அரிசி டின் மேல் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. போன வருடம் கேஸ் இணைப்பு என்று ஒருவன் பேசினான். ஆறு எண்ணில் நான்கை அம்மா சொல்லிவிட்ட நேரத்தில் நான் போனைப் பிடுங்கினேன். அன்றைக்கே எழுதி ஒட்டிய தாள் அது. தெரியாத எண்ணா, அவசரப்படுத்துகிறார்களா, ஓடிபி கேட்கிறார்களா? மூன்றும் சேர்ந்தால் போனை வை. என் குரலாகவே இருந்தாலும் நம்பாதே, இப்போது குரலையும் செய்கிறார்கள். உடனே என் எண்ணுக்குக் கூப்பிடு. நான் எடுக்காவிட்டால் போனை அணைத்துவிடு, நான் வீட்டுக்கு வரும் வரை ஆன் செய்யாதே. ஒரு மாதம் தினமும் அதை ஒப்பிக்க வைத்திருக்கிறேன்.

என் போனைக் கேட்டேன். கூடையையே கொண்டுவந்தார்கள். சைலன்டில் கிடந்த போனில் அம்மாவின் மூன்று மிஸ்டு கால். திருப்பிக் கூப்பிட்டேன். சுவிட்ச் ஆஃப். மண்டி எண் என்னிடம் இல்லை. திரையில் ஆறு கட்டங்கள் காலியாக நின்றன. பக்கத்து மேஜையில் இரண்டு பேர் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டார்கள். பத்து நிமிடமும் போனது. மறுபடி எண் அனுப்பச் சொல்ல முடியும், ஆனால் அதைப் பார்க்க ஆள் இல்லை. பன்னிரண்டு மணி வரை அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். எழுந்து போகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். யாரும் சொல்லவில்லை.

கடைசியில் அவர் என் ஸ்கிரிப்டை மேலிருந்து கீழே வரை படித்தார்.

"எழுதினதெல்லாம் சுத்தமா இருக்கும்மா. ஆளே இல்லாம ஓடும்னு மேல எழுதியிருக்கே. இதுக்கு உங்க அம்மா வேணும் போலிருக்கே."

அவர் சொன்னதில் தப்பில்லை. சொல்லி அனுப்புகிறோம் என்றார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் கதவைத் திறந்ததுமே அம்மா ஆரம்பித்தார். தேர்வு எப்படி என்று கேட்கக்கூட மறந்துவிட்டார்.

"உன் குரலேதான் பாப்பா. கூழு வரைக்கும் தெரிஞ்சி வெச்சிக்கினு பேசறா. நான் ஏமாந்தேனா? மண்டில எல்லாரும் இன்னா சொன்னாங்க தெரியுமா, உம் பொண்ணு உன்னை நல்லா தயார் பண்ணி வெச்சிருக்கான்னாங்க."

நான் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தேன். அளவுக் கோட்டைப் பார்த்தபடியே, சரியாகத்தான் செய்தாய் என்றேன். அம்மா வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினார். முகத்தில் சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

இன்றோடு ஒன்பது நாள். ஸ்கிரிப்டின் இரண்டாவது படியை மாற்றி எழுதிவிட்டேன். திண்டிவனத்திலிருந்து பதில் வரவில்லை. சென்னைக் கம்பெனி ஒன்று வெள்ளிக்கிழமைக்குள் என் முடிவைக் கேட்டிருக்கிறது. அம்மாவுக்கு ஊசி போட்டுக்கொள்ள இன்னும் வரவில்லை. அன்று கூப்பிட்டது நான்தான் என்று அவரிடம் சொல்லவில்லை.