மூன்றாவதாக வந்தவள்

ஏற்காடு பஜாரில் எங்களுக்கு ஒரு சின்ன பேக்கரி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சேலத்திலிருந்து சைக்கிளில் மலை ஏறி வருகிறவர்கள் எங்கள் கடை வாசலில்தான் சைக்கிளைச் சாய்த்து வைப்பார்கள். டீ குடிப்பார்கள், தேங்காய் பன்னை இரண்டு இரண்டாகச் சாப்பிடுவார்கள், வேர்வை காய்ந்ததும் இறங்கிப் போய்விடுவார்கள். அவர்களில் ஒரு பெண் உண்டு. சேலத்தில் பல் டாக்டர், என் வயதுதான். ஒரு நாள் காசு கொடுக்கும்போது என்னைப் பார்த்து, "ஏனுங்க, நாங்க இந்த மலைக்காக அங்கிருந்து வர்றோம். நீங்க மலை மேலயே இருந்துட்டு சைக்கிள் ஓட்டாம இருக்கீங்களே?" என்றார்.

வெறும் பேச்சுக்குத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பள்ளிக்கூட நாட்களில் பக்கத்துக் கிராமமான மஞ்சக்குட்டையிலிருந்து ஏற்காட்டுக்கு அப்பாவின் சைக்கிளை ஓட்டிக்கொண்டு வந்து போனவள் நான். கல்யாணமான பிறகு சைக்கிளைத் தொட்டதேயில்லை. அடுத்த வாரம் டாக்டரம்மா தன் பழைய சைக்கிளை ஒரு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார். அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது.

சைக்கிளோடு நின்றிருந்தால் யாருக்கும் எந்தத் தொந்தரவும் இருந்திருக்காது. டிரையத்லான் என்று ஒன்று இருப்பதை அவர்தான் சொன்னார். முதலில் கடலில் நீச்சல். கரையேறிய கையோடு சைக்கிள். சைக்கிளை நிறுத்தியதும் ஓட்டம். மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். வயதுவாரியாகப் பிரிவுகள் உண்டு. ஒவ்வொரு பிரிவிலும் முன்னால் வருகிற ஒன்றிரண்டு பேருக்கு உலகச் சாம்பியன்ஷிப்பில் கலந்துகொள்ள இடம் கிடைக்கும். வேறு வேலை செய்து பிழைக்கிற சாதாரண ஆட்களுக்கான சாம்பியன்ஷிப் அது. "நம்மள மாதிரி ஆளுங்களுக்குத்தான்" என்று டாக்டரம்மா சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

எனக்கு நீந்தத் தெரியாது. ஏற்காட்டில் ஏரி இருக்கிறது, ஆனால் அது படகு விடுவதற்கு. என் மூத்த நாத்தனார் மலையடிவாரத்தில் தோட்டம் வைத்திருக்கிறார்; அங்கே நல்ல கிணறு. முதுகில் காலி எண்ணெய் கேனைக் கட்டிக்கொண்டு, நைட்டிக்கு மேல் இறுக்கி முடிந்த துண்டோடு, நாற்பத்திரண்டு வயதில் அந்தக் கிணற்றில் குதித்தேன். நாத்தனார் மேலே நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டார். "அண்ணி, உட்டுறாதீங்க!" என்று நான் கத்தியது பக்கத்துத் தோட்டம் வரைக்கும் கேட்டதாம். அவரோ, "நான் உட்டு நொம்ப நேரமாச்சு, கயிறு என் காலடியில கெடக்குது" என்றார். அன்றைக்குத்தான் நான் மிதந்தேன்.

அதற்குப் பிறகு சேலத்தில் பெண்களுக்கென்று நேரம் ஒதுக்கியிருக்கும் நீச்சல் குளத்துக்கு வாரம் இரண்டு நாள் பஸ்ஸில் போய் வந்தேன். ஓட்டத்துக்கு எஸ்டேட் ரோடுகள் இருந்தன. சைக்கிளுக்கு மலை ரோடு இருந்தது. எனக்கு இல்லாதது நேரம் மட்டும்தான்.

பேக்கரிக்காரர்களின் நாள் விடியுமுன் தொடங்கிவிடும். மாவு பிசைவதும் அடுப்பைப் பார்ப்பதும் என் கணவரும் நானும் செய்கிற வேலை. நான் ஓடப் போனால் அவர் ஒருவரே பார்க்க வேண்டும். என் கணவர் அதிகம் பேசுகிறவரில்லை. முதல் சில மாதம் ஒன்றும் சொல்லவில்லை. சீசன் வந்தது. மே மாதத்தில் ஏற்காடு எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பஜாரில் நடக்க இடமிருக்காது. அந்த மாதத்தில்தான் எனக்கு நீண்ட பயிற்சிகள். ஒரு நாள் நான் நீச்சல் முடித்து ஈரத்தலையோடு கடைக்குள் நுழைந்தபோது, கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டு, "ஏம்மிணி, பஜாரே நெறஞ்சு கெடக்குது. நீ தண்ணில மெதந்துட்டு வர்ற" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

இன்னொரு காலை, மாரமங்கலம் வரை சைக்கிளில் போய்த் திரும்பியபோது அவர் முன்கையில் கட்டுப் போட்டிருந்தார். சூடான தட்டை ஒரே ஆளாக இழுக்கப் போய்ச் சுட்டுக்கொண்டிருந்தார். எதிர்க்கடைக்காரர்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறார். நான் சைக்கிள் ஷூவைக்கூடக் கழற்றாமல் நின்றேன்.

"போதுங்க. நான் நிறுத்திக்கறேன்" என்றேன்.

"நிறுத்தி என்ன பண்ணப்போற? புண்ணு ஆறிரும். அந்த ஹாஸ்டல் பன்ன உட்டுருலாம். அது இல்லன்னா நான் ஒருத்தனே சமாளிச்சுக்குவேன்."

ஒரு பள்ளி ஹாஸ்டலுக்குத் தினமும் காலையில் பன் போட்டுக்கொண்டிருந்தோம். என் மாமனார் காலத்து வாடிக்கை. அதை விட்டோம். வேறொரு கடை எடுத்துக்கொண்டது. திரும்ப எங்களுக்கு வரவேயில்லை.

சர்ச்சில் இழந்தது வேறு மாதிரி. பாடகர் குழுவில் நான் ஆல்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல், பாடுவேன். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அதே வரிசையில், அதே இடத்தில் நின்றவள். குழுவை நடத்துகிற அக்கா ஒரு பள்ளியில் பாட்டு டீச்சர், எனக்கு நெருங்கிய சிநேகிதி. சைக்கிளில் நீண்ட தூரம் போக எனக்குக் கிடைத்தது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். ஒரு வாரம் ஆராதனைக்குத் தாமதமாக வந்தேன். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரம் அக்கா கடைக்கே வந்தார்.

"நீ வருவியா மாட்டியான்னு மட்டும் சொல்லிரு. கிறிஸ்துமஸ் பாட்டுக்கு ஆள் வேணும்."

"ரெண்டையும் பார்த்துக்கறேங்க்கா."

"ரெண்டையும் பார்க்கறவங்க ஒண்ணையும் பார்க்க மாட்டாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. ரொட்டி வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்தக் கிறிஸ்துமஸுக்கு என் இடத்தில் ஒரு இளம் நர்ஸ் நின்று பாடினாள். நன்றாகவே பாடினாள். நான் சபையோடு உட்கார்ந்து கேட்டேன். ஒரு வரியில் என் வாய் தானாக ஆல்டோவுக்குப் போனது; சட்டென்று மூடிக்கொண்டேன்.

இத்தனையும் விட்டுக்கொடுத்துவிட்டுப் போன முதல் போட்டியில் நான் தோற்றேன். கடலோர ஊர் ஒன்றில் நடந்தது. அதுவரை கடலில் கால் நனைத்திருக்கிறேனே தவிர நீந்தியதில்லை. கிணற்றுத் தண்ணீரும் குளத்துத் தண்ணீரும் இருந்த இடத்தில் இருக்கும். கடல் அப்படியில்லை. முதல் அலையிலேயே உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியது, மூச்சு சிக்கிக்கொண்டது, கரை எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. காவல் படகில் இருந்தவர்கள் என் கையைப் பிடித்து மேலே இழுத்தார்கள். கரையில் என் கணவர் துண்டோடு நின்றார். திரும்பும் பஸ்ஸில் நெடுநேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் வேர்க்கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டி, "கடலு எங்கயும் போயிராது. அடுத்த வருஷமும் அங்கதான் இருக்கும்" என்றார்.

அடுத்த வருஷம் முழுக்க மாதம் ஒரு முறை டாக்டரம்மாவோடு கடலுக்குப் போனேன். பயம் விட்டதற்குக் காரணம் பாட்டுதான் என்று சொன்னால் அவர் சிரிப்பார். ஆனால் உண்மை. ஒரு நீண்ட வரியை உடைக்காமல் பாட, எந்த இடத்தில் மூச்சைத் திருட வேண்டும் என்பது குழுவில் பாடுகிறவர்களுக்குத் தெரியும். அலை தூக்கும்போது மூச்சு, இறக்கும்போது கை வீச்சு என்று ஒரு கணக்கு பிடிபட்டது. பிடிபட்டதும் கடல் எனக்கு எதிரியாக இல்லை.

அடுத்தது வெயில். மலைக் குளிரில் ஓடிப் பழகிய உடம்பு கடலோர உச்சி வெயிலில் ஓட வேண்டும். அதற்காக மத்தியானத்தில் பஸ் பிடித்து அடிவாரத்தில் இறங்கி, கொதிக்கும் தார் ரோட்டில் ஓடினேன். ஒரு நாள் மொபெட்டில் போன பெரியவர் வண்டியை நிறுத்தினார்.

"ஏனுங் கண்ணு, பஸ்ஸ உட்டுட்டீங்களா? ஏறுங்க, ஸ்டாண்டுல உடறேன்."

"இல்லீங்க, சும்மா ஓடறேனுங்க."

"இந்த வெயில்ல சும்மாவா?" என்றவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஊட்டுல ஏதாச்சும் சண்டைங்களா?"

இல்லை என்று சொல்லிவிட்டு ஓடினேன். நம்பாமல் கொஞ்ச தூரம் என் பின்னாலேயே மெதுவாக வந்தார்.

இரண்டாவது போட்டியும் அதே கடலோரத்தில்தான். இம்முறை கரையேறியபோது என்னால் சிரிக்க முடிந்தது. சைக்கிளில் எதிர்க்காற்று வாட்டியது. ஆனாலும் மலை ஏறிப் பழகிய தொடைக்குச் சமதளம் சமதளம்தான். ஒவ்வொருவராகத் தாண்டினேன். ஓட்டத்தின் பாதியில் சிலர் நடக்கத் தொடங்கியிருந்தார்கள். தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு நான் ஓடிக்கொண்டேயிருந்தேன். என் பிரிவைச் சேர்ந்த ஒரு பெண்ணைக் கடைசித் திருப்பத்தில் முந்தினேன். தூரத்தில் டாக்டரம்மாவின் மஞ்சள் தொப்பி தெரிந்தது. எட்டிப் பிடிக்க முடியவில்லை. அவர் இரண்டாவது, நான் மூன்றாவது.

எங்கள் பிரிவுக்குச் சாம்பியன்ஷிப் இடம் இரண்டுதான். சாயங்காலம் ஒரு மண்டபத்தில் பெயர் கூப்பிட்டார்கள். கூப்பிட்டதும் அந்த இடத்திலேயே சம்மதம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போகும். முதலில் வந்தவர் எழுந்து போய்ச் சம்மதம் சொன்னார். அடுத்து டாக்டரம்மாவின் பெயர். அவர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். எழவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். கையை உயர்த்தி, வேண்டாம் என்று ஆட்டினார். அடுத்து என் பெயர்.

நான் எழுந்திருப்பதற்குள், பின்வரிசையில் என் சைக்கிள் ஷூக்களைக் கையில் பிடித்தபடி நின்றிருந்த என் கணவர், "இருக்காங்க! இங்க இருக்காங்க!" என்று மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். கடையில்கூட அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

போய்ச் சம்மதம் சொன்னேன். திரும்பி வந்தபோது சந்தோஷத்தைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது. டாக்டரம்மாவை வெளியே கூப்பிட்டு, "என்னைப் பாவம் பார்த்து விட்டுக்கொடுத்தீங்களா?" என்று கேட்டேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "பாவமா? சாம்பியன்ஷிப் சமயத்துல எங்க அம்மாவுக்கு ஆபரேஷன் இருக்கு, நான் போக முடியாது. உங்ககிட்ட முன்னாடியே சொல்லலை. சொல்லியிருந்தா நீங்க மூணாவது போதும்னு ஓடியிருப்பீங்க. நான் வேண்டாம்னு சொன்னது என் காரணத்துக்கு. மூணாவதா வந்தது உங்க காலு. நாலாவதா வந்திருந்தா இந்த இடம் வேற ஒருத்தருக்குப் போயிருக்கும், நான் தடுத்திருக்க முடியுமா?"

இருவரும் மண்டபப் படியில் உட்கார்ந்தோம். என் கணவர் மூன்று இளநீர் வாங்கி வந்தார். முதல் வாய் குடித்ததும் எனக்கு அழுகை வந்தது. அவர்கள் இருவரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

ஊர் திரும்பியதும் விஷயம் பஜார் முழுக்கப் பரவியிருந்தது. பாஸ்டர் ஐயா ஆராதனையில் அறிவித்தார். பாட்டு டீச்சர் அக்கா வெளியே வந்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நொம்ப சந்தோசம். ஆனா உன் இடத்த அந்தப் புள்ளைக்குக் குடுத்துட்டேன், திருப்பி வாங்க முடியாது" என்றார். நானும் கேட்கவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை போக முடிகிறபோது சபையோடு உட்கார்ந்து பாடுகிறேன். எங்கள் பேச்சு பழையபடி ஆகிவிட்டது. அந்த வரிசை பாடும்போது என் வாய் ஆல்டோவுக்குப் போவது மட்டும் இன்னும் நிற்கவில்லை.

ஒரு வாடிக்கையாளர் ரொட்டி வாங்கிக்கொண்டே, "மேல வந்தவங்க வேண்டாம்னதால கெடச்சதாமே?" என்று கேட்டார். அவருக்குக் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. ஒரு வருஷத்துக்கு முன்னால் என்றால் எனக்குச் சுருக்கென்று இருந்திருக்கும். "ஆமாங்க. நான் மூணாவதா வந்தேன்" என்று சொல்லிவிட்டு மீதிச் சில்லறையைக் கொடுத்தேன். சொல்லும்போது என் குரல் எவ்வளவு நிமிர்ந்திருந்தது என்பதை நானே கேட்டேன்.

சாம்பியன்ஷிப்புக்கும் போய்வந்தேன். என் வயதுப் பெண்கள் எத்தனையோ நாடுகளிலிருந்து வந்திருந்தார்கள். பாதிப் பேர் என்னைவிட உயரம், எல்லாரும் என்னைவிட வேகம் என்று தோன்றியது. முடிவுப் பட்டியலைக் கடைசியிலிருந்து தேடினால் என் பெயர் சீக்கிரம் கிடைத்துவிடும். கடைக்கு வருகிறவர்களிடம் என் கணவர் இந்தப் பகுதியைச் சொல்லாமல் விட்டுவிடப் பார்ப்பார். நான் கல்லாவிலிருந்தே அதையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன். முழுத் தூரத்தையும் முடித்தேன், என் காலாலேயே கோட்டைத் தாண்டினேன் என்பதும் அதில்தானே வருகிறது.