கரும்பச்சை மூலை

போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு பச்சை டி-ஷர்ட் கிடைத்தது. நெஞ்சில் 'இயற்கை விவசாயத்தை ஆதரிப்போம்' என்று பெரிதாக அச்சடித்திருந்தார்கள். என் தொப்பை மேல் அந்த 'ஆதரிப்போம்' கொஞ்சம் இழுபட்டுத் தெரிந்தது. ஆதரவு என்றால் கொஞ்சம் விரிந்துதானே கொடுக்க வேண்டும்?

இடம், வலங்கைமான் பக்கத்தில் ஒரு வயல். வயல்காரர் ஸ்டீபன் என் சிநேகிதர். மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தவர். ஊருக்குத் திரும்பி, ரசாயன உரம், பூச்சிமருந்து எதுவும் இல்லாமல் தூயமல்லி நெல் போடுகிறார். நன்றாகத்தான் விளைகிறது. இயற்கை நெல் என்று தேடி வாங்கத்தான் ஆள் இல்லை.

"இந்தத் தடவையும் சாதா நெல்லோட சேத்து மில்லுலதான் போடுவீங்கன்னா, பேசாம மஸ்கட்டுக்கே கிளம்புங்க" என்று அவர் மனைவி மேரி சொல்லிவிட்டார். பழைய கம்பெனியும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறதாம்.

அதற்காகத்தான் இந்த 'ஆதரவு நாள்'. தஞ்சாவூரிலிருந்து ஒரு வேன் நிறையக் குடும்பங்கள் வந்திருந்தன. பயிரைப் பார்த்து நம்பிக்கை வந்தால், வருஷம் பூரா அரிசி அவரிடமே வாங்குவதாகப் பேச்சு. ஸ்டீபன் காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்து, டென்ஷனில் என்னிடமே இரண்டு தரம் "எப்ப வந்தீங்க?" என்று கேட்டார்.

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் வரிசையாக நின்றோம். உறுதிமொழி எடுத்தோம். ஒருத்தர் 'மண்ணைக் காப்போம்' என்ற இடத்தில் சரியாகச் சேற்றில் வழுக்கி விழுந்தார். பிறகு செல்ஃபி... அது இல்லாமல் ஆதரவு ஏது?

எல்லாரும் ஒரே மூலைக்கு ஓடினார்கள். வயலின் மேல்கோடியில் பயிர் கரும்பச்சையாக, தளதளவென்று நின்றது. மற்ற இடமெல்லாம் வெளிர்பச்சைதான். "பாத்தீங்களா, இதுதான் இயற்கையோட பவர்!" என்று அமைப்பாளர் மைக்கில் முழங்கினார். நானும் பலமாகக் கைதட்டினேன்.

ஸ்டீபன் மட்டும் தட்டவில்லை. மேரியைப் பார்த்தார், வேன்காரர்களைப் பார்த்தார். அப்புறம் மைக்கை வாங்கினார்.

"மன்னிச்சுக்கங்க. அது இயற்கை இல்ல. யூரியா."

அந்தப் பக்கத்தில் தண்ணீர் வயலுக்கு வயல்தான் பாயும். மேல் வயல் நிறைந்தால், வரப்பில் வெட்டியிருக்கும் மடை வழியாகக் கீழ் வயலுக்கு இறங்கும். மேல் வயல் கோவிந்தராஜுடையது. அவர் யூரியா போட்டால், கரைந்ததில் ஒரு பங்கு ஸ்டீபனுக்கு இலவசம்! மடையோரத்துப் பயிர் கறுக்காமல் என்ன செய்யும்?

"அந்த மூலையை எப்பவும் தனியா அறுத்துடுவேன். அந்த நெல் உங்களுக்கு வராது" என்றார் ஸ்டீபன்.

"மூலை சரிங்க. தண்ணி மீதி வயலுக்கும் போகுதுல்ல?" என்று கேட்டார் ஒரு அம்மா. நியாயமான கேள்வி. ஸ்டீபன் மைக்கை இறக்கிக்கொண்டார். மேரி தலையைக் குனிந்துகொண்டார். மஸ்கட் ஒரு கேள்வியில் கிட்டே வந்துவிட்டதே!

அப்போது மேல் வரப்பிலிருந்து ஒரு குரல். வேடிக்கை பார்க்க வந்திருந்த கோவிந்தராஜ்.

"ஏன் தம்பி, இதை என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"யூரியா போடாத வெவசாயம் உப்பில்லாத சாப்பாடுன்னு டீக்கடையில கிண்டல் பண்ணுவீங்க. எப்படிண்ணே கேக்குறது?"

"கிண்டல் பண்ணா கேக்கக் கூடாதா? சென்னை வரைக்கும் போயி மைக்குல பேசுற. நடுவுல இருக்கறது ஒரு வரப்பு. அதைத் தாண்ட முடியலையா உனக்கு?"

எத்தனை பேரிடம் ஆதரவு கேட்டார் இந்த மனுஷர்! நோட்டீஸ், வாட்ஸ்அப் குரூப், பத்திரிகையில் நான் எழுதும் பத்தி... பக்கத்து வயலைத் தவிர எல்லா இடத்துக்கும் போயிருக்கிறார்.

கோவிந்தராஜ் மண்வெட்டியோடு இறங்கினார். மடையில் நாலு வெட்டு மண்ணை அள்ளிப் போட்டு மிதித்தார்.

"தண்ணிக்கு என்னண்ணே பண்றது?"

"என் வயல்ல, வரப்போரமாவே ஒரு சின்ன வாய்க்கா வெட்டிக்க. ஆத்து வாய்க்கால்லேருந்து நேரா உனக்கு வந்துடும்."

"நீங்க நட்ட பயிர் போயிடுமே..."

"போவட்டும்."

சாதாரணமாகச் சொல்லிவிட்டார். வரப்பை ஒரு ஜாண் நகர்த்தினால் கோர்ட்டுக்குப் போகிற ஊர் அது. இவரோ வயலின் நீளத்துக்கும் ஒரு பட்டை நிலத்தை, பயிரோடு விட்டுக்கொடுக்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன்.

கேள்வி கேட்ட அம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். "இந்த அறுவடையில மூலையைத் தள்ளிட்டுக் குடுங்க. மறைக்காம சொன்னீங்க பாருங்க, அதுக்காக. அடுத்த போகத்துலேருந்து தண்ணியும் நேரா வந்துடும்." சிலர் தலையாட்டினார்கள். சிலர் வேனைப் பார்த்து நடந்தார்கள். சாப்பாட்டில் மேரி எனக்கு இரண்டாம் தரம் பாயசம் ஊற்றினார். மஸ்கட் பேச்சே எடுக்கவில்லை.

"அப்ப நீங்களும் இயற்கைக்கு மாறியாச்சா?" என்று கோவிந்தராஜைக் கேட்டேன்.

"எனக்கென்ன தலையெழுத்தா?" என்று சிரித்தார். ஆனால் மிச்சமிருந்த டி-ஷர்ட்டில் ஒன்றை வாங்கிக்கொண்டார்.

நேற்று ஸ்டீபன் ஒரு போட்டோ அனுப்பினார். வரப்போரமாகப் புது வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. பின்னால் கோவிந்தராஜ் தன் வயலில் யூரியா வீசிக்கொண்டிருக்கிறார். அடைத்த மடை அடைத்தபடியே இருக்கிறது. அவர் நெஞ்சில், 'இயற்கை விவசாயத்தை ஆதரிப்போம்.'

அந்தச் சட்டை எங்கள் எல்லாரையும்விட அவருக்குத்தான் சரியான அளவு!