திட்டுக்கு வந்த இரண்டு பரிசல்

கண்ணுகளா, ஆடிப் பதினெட்டுக்கு என்னையும் மாமனையும் கூட்டிக்கொண்டு ஆற்று நடுவில் இருக்கிற திட்டுக்குப் போயே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறீர்கள். குளிக்கலாம், மருதமரத்தில் தூரி கட்டி ஊஞ்சலாடலாம், சடுகுடு விளையாடலாம், கட்டுச்சோறு தின்னலாம் என்று பெரியவன் விரல் மடக்கிச் சொன்னான். எல்லாம் செய்யலாம்தான். நானும் செய்திருக்கிறேன். அதற்குப் பிறகு அந்தத் திட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவும் எனக்கு மனசில்லை. வாயால் சொன்னால் உங்கள் அம்மா நடுவில் புகுந்து சிரிப்பாள். அதனால் எழுதுகிறேன்.

மேட்டூர் அணை கட்டுவதற்கு முந்தின காலம். எங்களுக்குக் கல்யாணமாகி வந்த முதல் ஆடி. புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைப்பது வழக்கம் அல்லவா, உங்கள் மாமனும் தங்கச்சியை அக்கரைக்கு, கோயமுத்தூர் ஜில்லாவுக்கு, அழைத்துப் போனார். நாம் இக்கரை, சேலம் ஜில்லா. போய்ச் சில நாளில் ஆள் வந்தது. கிணறு வற்றின வீட்டில் தன் தங்கச்சி இருக்கமாட்டாள், ஆடி கழிந்தாலும் அனுப்புவதாக இல்லை என்று மாமன் சொல்லியனுப்பியிருந்தார். நம் கிணறு வற்றியது உண்மைதான். பங்காளி வீட்டோடு கூட்டாயிருந்த தூரத்துக் கிணற்றில்தான் உங்கள் அம்மா தண்ணீர் எடுத்தாள். அவள் குடத்தோடு வருவதை அவர் ஒருநாள் பார்த்துவிட்டார்.

நான் அவர் வாசலை மிதிக்கமாட்டேன் என்றேன். அவர் என் வாசலை மிதிக்கமாட்டேன் என்றார். கடைசியில் யாருக்கும் சொந்தமில்லாத திட்டில், ஆடிப் பதினெட்டு நோம்பியன்று கூடிப் பேசுவதென்று பெரியவர்கள் வைத்தார்கள். இக்கரையிலிருந்து ஒரு பரிசலில் நானும் என் அக்காவும் போனோம். அக்கரையிலிருந்து இன்னொரு பரிசலில் மாமனும் உங்கள் அம்மாவும் வந்தார்கள். திரும்பும்போது அவள் எந்தப் பரிசலில் ஏறுவாள் என்பதுதான் அன்றைக்குச் சங்கதி.

இறங்கினதும் மாமன் குதிகாலால் மணலில் ஒரு கோடு கிழித்தார். மேற்குப் பாதி அவர்களுடையதாம், கிழக்குப் பாதி எங்களுடையதாம். திட்டில் இருந்தது ஒரே மரம். அது அவர் பாதியில் விழுந்தது. தூரிக்கயிறு எங்கள் பாதியில் சுருண்டு கிடந்தது.

"கவுறு உங்களுது, மரம் எங்களுது. மணல்ல கட்டி ஆடுங்க மாப்ள" என்றார்.

அக்கரையில் மரம் வளர்கிற அளவுக்கு மனுசர் வளரவில்லை போலிருக்கிறது என்று என் அக்கா காற்றைப் பார்த்துச் சொன்னாள்.

குளிக்க இறங்கினோம். எனக்கு மேல்தண்ணீராகப் பார்த்து அவர் இறங்கி, தலைக்கு அரப்புத் தேய்த்து, கோவணத்தையும் அலசினார். அத்தனையும் என் மேல் வந்தது. நான் அவரைத் தாண்டி மேலே போனேன். அவர் என்னைத் தாண்டிப் போனார். இப்படியே போய் இரண்டு பேரும் திட்டின் தலைமாட்டில், இழுப்புத் தண்ணீரில், கால் தரிக்காமல் தள்ளாடினோம். அடித்துக்கொண்டு போனால் இரண்டு பிணத்தையும் ஒரே பரிசலில்தான் ஏற்றுவேன் என்று எங்கள் பரிசல்காரர் சத்தம் போட்டார்.

அப்புறம் சடுகுடு. பரிசல்காரர்களையும் சேர்த்துக்கொண்டு பக்கத்துக்கு இரண்டு பேர். கோடுதான் முன்னமே இருந்ததே. நான் பாடிப் போனேன். மாமன் என் காலைப் பிடித்துக் கவிழ்த்தார். மூச்சு விட்ட பிறகும் விடவில்லை. வாயெல்லாம் மணல். நான் அவர் கையைக் கடித்தேன். அந்தத் தழும்பைக் காட்டி, நாய் கடித்தது என்று உங்களிடம் சொல்லியிருப்பார்.

சாப்பாட்டுக்கு அவரே இலை போட்டார். மாப்பிள்ளைக்குத் தலைவாழை இலை போடுவது முறை. எனக்கு விழுந்தது அடியில் நறுக்கின ஏடு. கிணறு வற்றின வீட்டுக்கு இதுவே அதிகம் என்றார். நான் எழுந்து வந்து, அக்கா கட்டி வந்த கம்மஞ்சோற்றை அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தின்றேன். கூடிப் பேச வந்த பேச்சை இரண்டு பேரும் எடுக்கவே இல்லை.

பொழுது சாய்கிற வேளையில் தண்ணீர் நிறம் மாறியது. மேலே மழை, புதுத்தண்ணீர் வருகிறது, உடனே ஏறுங்கள் என்று பரிசல்காரர்கள் அவசரப்படுத்தினார்கள்.

மாமன், "வா சாமி, ஏறு" என்று தங்கச்சியைக் கூப்பிட்டார். வருகிறவர்கள் வரட்டும், யாரையும் கெஞ்சுகிற பழக்கம் நமக்கில்லை என்று நான் அக்காவிடம் உரக்கச் சொன்னேன்.

உங்கள் அம்மா அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"காத்தால இருந்து ரெண்டு பேரும் கட்டிப் பொரண்டீங்க. கொடம் சொமக்கறவ நானு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

திட்டின் ஓரத்தில் மணல் பொதபொதவென்று கரைந்து விழுந்துகொண்டிருந்தது. "கேட்டுத் தொலைங்க சாமி, தண்ணி ஏறுது" என்றார் பரிசல்காரர்.

"வாரியா, இல்லியா?" என்று கேட்டேன். கேள்வியாக வரவில்லை, சண்டையாகத்தான் வந்தது.

"தூரம் எனக்குப் பெருசில்லீங்க. உங்க பங்காளி கெணத்துக்குப் போற தடத்துல முள்ளு வெட்டிப் போட்டிருக்கறாரு. கொடத்தோட தாண்ட முடியறதில்ல. அதை எடுத்துப் போட்டுட்டு ஆளனுப்புங்க, வாரேன்." பிறகு மாமன் பக்கம் திரும்பி, "நீங்களும் இனிக் கெணத்துப் பேச்சை விட்டுருங்கண்ணா" என்று சொல்லிவிட்டு அவர் பரிசலில் ஏறினாள்.

பரிசல் சுழன்று விலகும்போது மாமன் என்னைப் பார்த்து, "முள்ளெடுக்கவாச்சும் தெரியுங்களா மாப்ள?" என்றார். அந்தச் சிரிப்பு இன்னும் எனக்குச் செரிக்கவில்லை. நீங்கள் அவர் வீட்டுக்குப் போங்கள், விருந்து தின்னுங்கள், நான் தடுக்கவில்லை. அவரோடு திட்டுக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதீர்கள்.

அந்த முள்ளை நான் பார்க்காதவன் இல்லை. அந்தப் பங்காளிக்கும் நமக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. தொட்டால் ஊர்க்கூட்டம் வரைக்கும் போகும் என்று சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடிந்ததும் அக்காவிடம்கூடச் சொல்லாமல் முள் தள்ளுகிற கவைக்கோலை எடுத்துக்கொண்டு போனேன். வேலாமுள்ளைப் படல் படலாக இழுத்து வரப்புக்கு அந்தப் பக்கம் தள்ளினேன். தடம் வெறிச்சென்று ஆனது. பிறகு கோலைக் கீழே போட்டுவிட்டுக் குந்தி உட்கார்ந்து, மண்ணில் உதிர்ந்து கிடந்த ஒற்றை முட்களைக் கையால் பொறுக்கத் தொடங்கினேன்.