பஸ் ஸ்டாண்டு வாசலும் எங்கள் தெருச் சாவுகளும்

எங்கள் ஊருக்குப் புது பஸ் ஸ்டாண்டு வரப்போகிறது என்ற செய்தியை எங்கள் தெருவில் முதலில் வரவேற்றவன் நான்தான். டீக்கடையில் நின்றுகொண்டு, வளர்ச்சி என்றால் என்ன என்று விளக்கிப் பேசினேன். திருச்சுழிக்கும் வீரசோழனுக்கும் போகிற பஸ்ஸைத் தேடி வெயிலில் ஓடும் சனங்களைப் பற்றிச் சொல்லும்போது என் குரல் லேசாகத் தழுதழுத்தது. இரண்டு பேர் கடித்த வடையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்கள்.

அடுத்த வாரம் ஓர் ஆள் பெயிண்ட் டப்பாவோடு வந்து, என் வீட்டுப் பின்சுவரை ஒட்டி ஒரு கல்லை நட்டு, அதில் அம்புக்குறி போட்டான். என்ன என்று கேட்டேன்.

"பஸ்ஸு வெளிய போற வாசல்ண்ணே," என்றான்.

வளர்ச்சியைப் பற்றிய என் கருத்து அன்று மாலைக்குள் முழுதாக மாறிவிட்டது.

எங்கள் தெரு அருப்புக்கோட்டைப் பக்கத்து விசைத்தறித் தெருக்களில் ஒன்று. முன்னால் வீடு, பின்னால் தறி. என் வீட்டில் நான்கு தறி ஓடுகிறது; நெய்வதெல்லாம் வெளிர்நிறச் சேலை. எங்கள் பக்கத்துக் கரிசல் புழுதி ஒருமுறை அந்தச் சேலையில் ஏறிவிட்டால் பிறகு அதைக் கரித்துணி என்று சொல்லித்தான் யாருக்காவது கொடுக்கலாம். அது போக, தெருவின் ஒரு முனை ஓடைக்கரையில் முட்டி நின்றுவிடும். வருவதற்கும் போவதற்கும் எங்களுக்கு இருப்பது என் வீட்டை ஒட்டிய ஒரே வாய். அந்த வாயில்தான் பஸ்கள் வந்து திரும்பும் என்று அம்புக்குறி சொன்னது. வாசல் அங்கே வந்தால் தெருவில் தறி ஓட்ட முடியாது. தறி ஓடாவிட்டால் எங்களில் ஒருவருக்கும் வேறு தொழில் தெரியாது.

இதையெல்லாம் நான் நிதானமாக யோசித்ததாக நினைத்துவிடக் கூடாது. அன்று நான் தறிகளை மனசுக்குள்ளேயே விற்று, வீட்டைப் பூட்டி, மல்லாங்கிணற்றில் மைத்துனன் கடையில் பொட்டலம் மடிக்கும் வேலையில் சேர்ந்து, அவனோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியேயும் வந்துவிட்டேன். "சாப்பிட வாங்க" என்று என் மனைவி கூப்பிட்டபோது, "இனிமே எனக்கு எங்க சோறு?" என்று கேட்டேன். "அடுப்படியிலதான்," என்றாள்.

தெருக்கூட்டம் போட்டார்கள். அதிகாரிகளிடம் பேச ஓர் ஆள் வேண்டும் என்றதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் திறமைக்காக இல்லை. பக்கத்து வீட்டு மச்சான் காரணத்தை வெளிப்படையாகவே சொன்னார்: "நம்மள்ல யாரு போனாலும் சண்டையில முடியும். மாப்ள போனா அவுக சிரிச்சிட்டாவது அனுப்புவாக."

முதல் பேச்சுவார்த்தைக்கு நானும் மச்சானும் என் மனைவியும் போனோம். போன வேகத்தில் ஒரு சிக்கல். தறிச் சத்தத்துக்கு நடுவே பேசிப் பேசி எங்கள் தெருக்காரர்களுக்குத் தொண்டையில் ஒரே அளவுதான் உண்டு. நான் வணக்கம் சொன்னதும் அதிகாரி நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"எதுக்கு சார் சத்தம் போடுறீங்க? உக்காந்து பேசுவோம்."

"பேசத்தான் சார் செய்றோம்," என்று மச்சான் அதைவிட உரக்கச் சொன்னார்.

திட்டத்தைத் தயாரித்த வெளியூர்க் கம்பெனியின் அறிக்கை ஒன்றை எங்களுக்கும் கொடுத்தார்கள். கம்பெனி சார்பில் வந்திருந்த இன்ஜினியர் பொண்ணு, பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கான பாதுகாப்பெல்லாம் அதில் விவரமாக இருக்கிறது என்றது. இருந்தது. முதல் பாதுகாப்பு: இரவு நேரங்களில் விமானங்கள் இறங்க அனுமதிக்கப்பட மாட்டாது. எங்கேயோ ஒரு விமான நிலையத்துக்குப் புது முனையம் கட்டுவதற்கு எழுதியதை, ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பொண்ணு படித்துப் பார்த்துவிட்டு, தான் சேருவதற்கு முன்னால் எழுதியது என்று முகம் சிவந்து சொன்னது.

மச்சானுக்குத் திருப்தி. "ஏலே மாப்ள, ஏரோப்ளேனு வராதுன்னு எழுதியே குடுத்துட்டாக. இதுக்கு மேல என்ன வேணும்?"

அந்த வாக்குறுதியை அவர்கள் இன்றுவரை காப்பாற்றி வருகிறார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

அதே அறிக்கையில் இன்னொரு வரி என் கண்ணில் பட்டது. குடியிருப்போர் கேட்டுக்கொண்டால் அவர்கள் பகுதியின் ஒலி அளவை அளந்து பார்க்க வேண்டும். எனக்கு உடம்பெல்லாம் வக்கீல் களை வந்துவிட்டது. எழுந்து நின்று மேசையைத் தட்டினேன்.

"எங்க தெருவுல எவ்வளவு சத்தம்னு மிசினு வெச்சு அளங்க! அளந்துட்டு அப்புறம் வாசல் வைங்க!"

பின்வரிசையில் இருந்த என் மனைவி உதட்டை மட்டும் அசைத்து ஏதோ சொன்னாள். தறிக்கூடத்தில் அப்படித்தான் பேசிக்கொள்வோம். உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்கிற பழக்கம் தெருவில் எல்லோருக்கும் உண்டு. அவள் சொன்னது "வாய மூடுங்க". நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கேட்டாள். "ஏங்க, நம்ம தெருவுல மிசினு வெச்சா அதுல யாரு சத்தம் விழும்?"

பின்பக்கம் நான்கு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டில் ஆறு. எதிர்வீட்டில் ஆறு. பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டு அந்தச் சத்தம் எங்களுக்குச் சத்தமாகவே தெரிவதில்லை. அதற்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, பஸ் வந்தால் இரைச்சலாகிவிடும் என்று ஓர் அரசாங்க அறையில் மேசையைத் தட்டிவிட்டு வந்திருக்கிறேன். குடியிருக்கிற வீட்டில் இவ்வளவு சத்தமா என்று யாராவது ஒரு கேள்வி கேட்டால் போதும். வாசலைத் தடுக்கப் போய்த் தறிக்குப் பூட்டு வாங்கிக்கொண்டு வந்தவன் என்று என் பெயர் நிலைத்துவிடும். இந்தமுறை மைத்துனன் கடையில் பொட்டலம் மடிக்கும் வேலைகூடக் கிடைக்கவில்லை. கற்பனையிலேயே அவன் முடியாது என்றுவிட்டான்.

ஆனால் பயந்த மூளை வேகமாக வேலை செய்யும். அளக்கிற நேரத்துக்கு மட்டும் தெரு முழுக்கத் தறியை நிறுத்திவிட்டால்? வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். இதைப் போல் ஓர் அருமையான யோசனை உண்டா என்று நானே கேட்டு, இல்லை என்று நானே சொல்லிக்கொண்டேன். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

அந்த நாள் காலையில் இன்ஜினியர் பொண்ணு முக்காலியைத் தெருவாயில் நிறுத்தி, அதன்மேல் கைக்கு அடக்கமான ஒரு கருவியை வைத்தது. என் மனைவி அந்தப் பொண்ணுக்கு மோர் கொண்டுவர உள்ளே போனாள். நான் துண்டை வீசினேன். தெருவில் இருந்த தறிகள் எல்லாம் ஒவ்வொன்றாக நின்றன. அப்படி ஓர் அமைதி எங்கள் தெருவுக்கு அபூர்வம். என் காதுக்குள் ஏதோ பழுது என்றே முதலில் நினைத்தேன்.

"ரொம்ப அமைதியான தெரு சார்," என்றது பொண்ணு.

"ஆமாம்மா, எப்பவும் இப்படித்தான்," என்றேன்.

எங்களில் ஒருவருக்கும் உறைக்காத விஷயம் ஒன்று இருந்தது. கரண்டு போனால் ஊர் முழுக்கத் தறி நிற்கும். கரண்டு இருக்கும்போது ஒரு தெரு மட்டும் தறியை நிறுத்தினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: அந்தத் தெருவில் ஒருவர் இறந்துவிட்டார். எடுக்கும்வரை எந்த வீட்டிலும் தறி ஓட்ட மாட்டோம். தலைமுறை தலைமுறையாக அதுதான் வழக்கம்.

முதலில் அடுத்த தெருவிலிருந்து ஒரு பெரியப்பா மாலையோடு வந்தார். பின்னாலேயே என் அத்தை, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு. அதற்குப் பின்னால் பத்துப் பதினைந்து பெண்கள். யார் போனது என்று யாருக்கும் தெரியாது. தெருவாயில் வெளிறிப்போய் நின்றவன் நான் ஒருவன்தான். அத்தை என் முகத்தைப் பார்த்தார். என்னைச் சுற்றிலும் பார்த்தார். என் மனைவியைக் காணவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது.

"எம் மகளே! இவன இப்படி அத்துவானத்துல விட்டுட்டுப் போயிட்டியே!" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டு குரல் எடுத்தார்.

மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கருவியில் எண்கள் ஓடின.

அந்த இடத்தில் கொஞ்சம் புத்தியுள்ள மனிதன் என்ன செய்வான்? விளக்கம் சொல்வான். நான் அத்தையின் கையை விலக்கிவிட்டு வீட்டுக்குள் ஓடினேன். மனைவி அடுப்படியில் மோருக்குக் கறிவேப்பிலை கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இருக்கியா?" என்றேன்.

"இருக்கேன். ஏன்?"

"ஒண்ணுமில்ல. வெளிய வந்து கொஞ்சம் நில்லு."

அவள் மோர்ச் செம்போடு வாசலில் வந்து நின்றதும் அழுகை பாதியில் அறுந்தது. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப யாருடா?" என்றார். குரலில் ஆறுதலைவிட ஏமாற்றம் கூடுதலாக இருந்தது. பெரியப்பா கையில் இருந்த மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் என்னையே பார்த்தார். என் மனைவி அந்தப் பார்வையைக் கவனித்து, "அவரயும் விட்டுருங்க மாமா, அவரும் இருக்காரு," என்றாள்.

விஷயம் அதற்குள் தெருவைத் தாண்டிப் போய்விட்டது. ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். தெருவாய் அடைத்துவிட்டது. பைக்குகள், ஒரு தண்ணீர் லாரி, ஒரு மினி பஸ் எல்லாம் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. கொட்டுக்காரர் மச்சானுக்குப் போன் போட்டு, "எப்பண்ணே எடுக்குறீக?" என்று கேட்டார். இன்ஜினியர் பொண்ணு முக்காலியைக் கட்டிப்பிடித்தபடி அந்தக் கூட்டத்துக்கு நடுவில் அசைய முடியாமல் நின்றது. சரியாக வாசல் வரவேண்டிய இடத்தில்.

அங்கிருந்தே என்னைக் கூப்பிட்டது. "சார், நெசமாவே ஒரு சாவுன்னா இப்படித்தான் கூடுவாங்களா?"

"இது யாருன்னே தெரியாம வந்த கூட்டம்மா. ஆளு தெரிஞ்சா இன்னும் வரும்."

"எடுத்துட்டு எந்த வழியாப் போவீங்க?"

"இருக்கிறதே இந்த ஒரு வழிதான்."

பொண்ணு வரிசையில் நின்ற வண்டிகளைப் பார்த்தது. அப்புறம், கூட்டம் கலைந்ததும் தறிகளை ஓட்டச் சொல்லுங்கள், வழக்கமான சத்தத்தையும் அளக்க வேண்டும் என்றது. தறிகள் ஓடின. கருவியைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, வாயசைத்தது. அந்த இரைச்சலிலும் உதட்டைப் பார்த்தே எனக்குப் புரிந்தது: "இதுக்கு மேல பஸ்ஸு என்ன சார் சத்தம் போட்டுறப் போகுது?"

இரண்டாவது பேச்சுவார்த்தைக்குப் போகும்போது என் கையில் ஒரு குடை இருந்தது. எதற்கு என்று தெரியவில்லை. எங்கள் பக்கம் மழை பெய்து வெகுகாலம் ஆகியிருந்தது. எதையாவது பிடித்துக்கொள்ளத் தேவைப்பட்டது.

அதிகாரி, "சத்தம் சம்பந்தமா நீங்க கேட்டிருந்தீங்க…" என்று தொடங்கினார்.

"வாபஸ் சார்," என்றேன்.

"ரீடிங் வந்திருக்கு, அத…"

"சத்தம் எங்களுக்குப் பழக்கம் சார். அது எங்க பிரச்சினையே இல்ல. வாபஸ்."

ஒரு கோரிக்கையை இவ்வளவு வேகமாகக் கைவிட்ட குடியிருப்போரை அவர் பார்த்திருக்க மாட்டார். அத்தோடு எனக்குச் சொல்ல எதுவும் மிச்சமில்லை. குடையை விரித்துச் சுருக்கினேன். அப்போது என் மனைவி எழுந்தாள்.

"சார், எங்களுக்குத் தூசிதான் கஷ்டம். சேலையெல்லாம் பாழாப் போயிரும். வாசல கெழக்கால, கருவக்காட்டுப் பக்கம் வெச்சா யாருக்கும் தொந்தரவில்ல. அங்க வீடு ஒண்ணுகூடக் கிடையாது."

அதிகாரி யோசித்தார். வரைபடம் முடிந்துவிட்டது, இனி மாற்றுவது சிரமம் என்றார். தூசிக்குத் தண்ணீர் தெளிக்கச் சொல்கிறேன் என்றார். குடிக்கவே லாரித் தண்ணீர் வாங்குகிற ஊரில் ரோட்டுக்குத் தண்ணீர் தெளிக்கப்போகிறவரை நாங்கள் மரியாதையோடு பார்த்தோம். குடையை மறுபடியும் விரித்தேன். முடிந்தது கதை.

அப்போதுதான் இன்ஜினியர் பொண்ணு வாயைத் திறந்தது. "சார், அந்த எடத்துல வாசல் வெச்சா இவங்க தெருவுல ஒவ்வொரு சாவுக்கும் பஸ் ஸ்டாண்டு நின்னுடும். நான் நேர்ல மாட்டிக்கிட்டேன்."

அதிகாரி முகம் மாறியது. தூசி, சேலை, நாங்கள், எல்லாவற்றையும் விட நேரத்துக்குக் கிளம்பாத பஸ் அவருக்குப் பெரிய பயம் போலிருக்கிறது. "எவ்வளவு நேரம் நிக்கும்?" என்றார்.

"கொட்டு நல்லா அமைஞ்சா ரொம்ப நேரம் சார்," என்றார் மச்சான்.

"அப்பப்ப நின்னு ஆடுவாக," என்றாள் என் மனைவி. நானும் தலையாட்டினேன். அவ்வளவு பேச்சுவார்த்தையிலும் நான் உருப்படியாகச் செய்த காரியம் அதுதான்.

அதிகாரி வரைபடத்தை விரித்து, பென்சிலால் கிழக்கே ஒரு கோடு போட்டார். கருவக்காட்டுப் பக்கம். எங்கள் பக்கம் முழுவதும் வாசலில்லாத மதில். பொண்ணு சரி என்றது. நான் குடையைச் சுருக்கினேன்.

"மாத்துறதுக்குக் காரணம் எழுதணும்," என்றார் அதிகாரி. பேனாவை எடுத்தார். "உங்க தெருவுல வருசத்துக்கு எத்தன சாவு விழும்?"

மச்சான் விரல்விட்டு எண்ணப் பார்த்தார்.

"அது எங்க கையில இல்லீங்களே சார்," என்றார் மச்சான்.

எனக்குப் பயம் தெளிந்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். "வாசல் கெழக்க போயிருச்சுன்னா நாங்களும் கொறச்சுக்கிறோம் சார்," என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் எழுதிக்கொண்டார். பிறகு வந்த கூட்டக் குறிப்பில் அது இருந்தது: இறப்பு நிகழ்வுகளைக் குறைத்துக்கொள்ள குடியிருப்போர் தரப்பில் ஒப்புதல் அளிக்கப்பட்டது.

பஸ்கள் இப்போது கிழக்கு வாசல் வழியாகத்தான் போகின்றன. தறிகள் ஓடுகின்றன. தெருவில் யாராவது கொஞ்சம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாலோ, காய்ச்சல் என்று படுத்தாலோ மச்சான் வாசலில் வந்து நின்றுவிடுகிறார்.

"ஏலே, பாத்து. அரசாங்கத்துக்கு எழுதிக் குடுத்திருக்கோம்."