ஜாஸ்மின் பெயர் போட்ட ஆம்ப்

ஆரோக்கியராஜ் எனக்குப் பெரியம்மா மகன். அவனுடைய மூத்த பெண்தான் ஜாஸ்மின். தாய் செலின் வழியில் எல்லோரும் மீன் விற்றவர்கள். இவள் ஒருத்திதான் கிட்டார் வாசிக்கிறவர்களுக்கு வால்வு வைத்த ஆம்ப், அதாவது சத்தத்தைப் பெருக்கும் பெட்டி, கட்டித் தருகிற கடைக்கு வேலைக்குப் போனாள். பழைய ரேடியோவில் எரியுமே, அதே கண்ணாடி வால்வு. இவள் கட்டியதெல்லாம் கடைக்காரர் பெயரில் போயிற்று. போன வருடம் கடையை விட்டுவிட்டு, நொச்சிக்குப்பம் வீட்டில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே மேசை போட்டு, தன் பெயரைப் பித்தளையில் வெட்டிப் பொருத்தி விற்க ஆரம்பித்தாள்.

அடையாறில் கிட்டார் வாசிக்கிற பரத்வாஜ் ஒன்று கேட்டிருந்தார். தி. நகரில் ஒரு ரிசப்ஷனுக்கு அவர் குழு வாசிக்கிறது. "மேடையில வாசிச்சுப் பாக்கறேன். பிடிச்சா எடுத்துக்கறேன். வாசிக்கறவா எல்லாரும் வருவா, உங்க பேர் அவா காதுல விழும்" என்றார். நல்ல பேரும் விழும், கெட்ட பேரும் விழும்.

பெட்டியைத் தூக்க ஆரோக்கியராஜும் போனான். மண்டபத்தில் நடந்ததெல்லாம் அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பரத்வாஜ் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். போகப்போகச் சத்தம் கனிந்து வந்தது. சாப்பிடப் போனவர்கள்கூட நின்று திரும்பினார்கள்.

"இன்னா கண்ணு, உன் பொட்டி பின்னுது!" என்றான் ஆரோக்கியராஜ்.

ஜாஸ்மின் ஆம்பின் முதுகுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். வால்வுக்குள் இழை எரிவது வழக்கம். இன்று இழையைச் சுற்றியிருக்கும் சாம்பல் நிறத் தகடே ஓரத்தில் சிவந்திருந்தது.

"நைனா, தகடு செவக்குது."

"அழகாத்தானே கீது?"

"அடுப்புல மறந்துபோன கரண்டி மாதிரி கீது. வால்வு போவும். டிரான்ஸ்பார்மரும் சேர்ந்து எரியும்."

மீட்டரைச் சுவர் பிளக்கில் வைத்துப் பார்த்தாள். இருநூற்று நாற்பத்தெட்டு வோல்ட். அவள் வீட்டில் சாயங்காலம் இருநூறைத் தாண்டாது, மிக்ஸி முனகும். அந்த நோஞ்சான் கரண்டில்தான் வால்வு எவ்வளவு குடிக்கலாம் என்று உள்ளே இருக்கும் திருகை அளந்து வைத்திருந்தாள். இங்கே லைன் ஏறியிருக்கவே வால்வு அளவுக்கு மேல் குடித்தது. கடையில் ஸ்டெபிலைசர் இருந்ததால் லைனை அளந்து பார்க்கிற பழக்கமே அவளுக்கு வரவில்லை.

ஆரோக்கியராஜ் அவள் கையைப் பிடித்தான். "பாட்டு முடியட்டும். இப்ப நிறுத்துனா ஜாஸ்மின் பொட்டி படுத்துக்கிச்சுன்னு சிரிப்பானுங்க."

சிவப்பு தகட்டின் பாதிக்கு ஏறியது. கையை உதறிவிட்டு மேடையேறி சுவிட்சை அணைத்தாள்.

டிரம்ஸ் மட்டும் தனியாக இரண்டு தட்டுத் தட்டி நின்றது. "என்ன பண்றேள்?" என்று பரத்வாஜ் கேட்டது மைக்கில் மண்டபம் முழுக்கக் கேட்டது. கீழேயிருந்து ஒருவர், "மச்சி, பீஸ் போயிடுச்சா?" என்றார். ஒரே சிரிப்பு.

"தப்பு என்னுது சார். கொஞ்சம் இருங்க."

பின்மூடியைக் கழற்றி, மீட்டரை மாட்டி, மறுபடி கரண்ட் கொடுத்தாள். உள்ளே டிரான்ஸ்பார்மர் ஏற்றிவிட்ட நானூறு வோல்ட். இரண்டு கையும் பட்டால் நெஞ்சு வழியாகப் பாயும். இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வலது கையால் திருகைத் தொட்டாள். ஆரோக்கியராஜ் செல்போன் லைட்டைக் காட்டினான்.

"லைட்ட கிட்ட காட்டு நைனா."

"கிட்டவா? ஷாக் அடிக்காதா?"

திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினாள். தகடு சாம்பலாகவே நின்றது. கச்சேரி தொடர்ந்தது. சத்தம் சுத்தமாக இருந்தது, ஆனால் அந்தக் கனிவு இல்லை.

முடிந்ததும் பரத்வாஜ் வந்தார். "முதல்ல வந்த சத்தம்தான் எனக்கு வேணும். திரும்ப ஏத்தி வைங்கோ. வால்வு போனா நான் மாத்திக்கறேன்."

"வால்வோட போவாது சார், தீப்பிடிக்கும். அந்தச் சத்தம் எரியறப்ப வந்தது. அப்படி ஏத்தி வெச்சு என் பேர்ல தர மாட்டேன்."

"அப்ப எனக்கு வேண்டாம்."

ஆட்டோவில் ஆரோக்கியராஜ் கத்திக்கொண்டே வந்தான். "கேட்டத குடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே? உனுக்கு இன்னா வந்துச்சு?"

ஜாஸ்மின் காதில் அது ஏறவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அதே மேசையில், அதே லைனில் திருகு வைத்த இன்னொரு ஆம்பைப் போன மாதம் அசோக் நகர் சுப்பராயனுக்கு விற்றிருந்தாள். போன் போட்டாள். எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டாள். கடைசியில் எடுத்தார்.

"அண்ணா, ஆம்ப ஆஃப் பண்ணுங்க. நான் செட் பண்ணது தப்பு."

"ஏம்மா, இன்னிக்குத்தான் சத்தம் அருமையா வருது!"

"பின்னாடி போய்ப் பாருங்க. தகடு செவந்துகினு இருக்கும். ஆஃப் பண்ணுங்கண்ணா."

சுவிட்ச் விழுகிற சத்தம் கேட்கும்வரை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பிறகு ஆட்டோக்காரரிடம், "அசோக் நகர் போங்கண்ணா" என்றாள்.