கோமதிக்குக் குத்திய பேட்ஜ்

போன வாரம் பெங்களூரிலிருந்து மகள் கூப்பிட்டாள். அவளை டீம் லீடர் ஆக்கியிருக்கிறார்களாம். ஆட்களை ஊக்கப்படுத்துவது எப்படி என்று வகுப்பும் நடந்ததாம். "ஒரு முக்கோணம் போட்டுக் காட்டினாங்கம்மா, ரொம்ப இன்ட்ரஸ்டிங்" என்றாள். வாழ்த்திவிட்டு ஃபோனை வைத்தேன். அந்த முக்கோணத்தை நான் பார்த்திருக்கிறேன். புதிதாக மேலாளராகும் பிள்ளைகளுக்காக இதை எழுதி வைக்கிறேன்.

1. வகுப்பு

தொண்ணூறுகளின் கடைசியில், திருவனந்தபுரத்தில், சாலை என்ற கடைத்தெருவில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் ஸ்டாஃப் மேனேஜராக இருந்தேன். பெயர்தான் பெரிது. லீவு, யூனிஃபார்ம், சண்டை சமாதானம், இவ்வளவுதான் வேலை. முதலாளி திருநெல்வேலிக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. சேலை செக்‌ஷன் பெண்கள் அடிக்கடி வேலையை விட்டுப் போனதால், கொச்சியிலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்தார். என்னையும் ஃப்ளோர் மேனேஜர் தாஸையும் முன்னால் உட்காரவைத்து, தானும் உட்கார்ந்தார்.

பயிற்சியாளர் முக்கோணம் வரைந்தார். அடித்தட்டில் சாப்பாடு, ஓய்வு. அதற்கு மேல் பாதுகாப்பு, அப்புறம் கூட இருப்பவர்களின் அன்பு, அதற்கும் மேல் மதிப்பு. கீழே உள்ளது நிறைந்தால்தான் மனிதன் மேலே உள்ளதைத் தேடுவான் என்றார். இன்னொன்றும் சொன்னார். சம்பளம், ஃபேன், நாற்காலி இல்லாவிட்டால் முணுமுணுப்பு வரும். இருப்பதால் மட்டும் உற்சாகம் வந்துவிடாது. அது பாராட்டிலும் பொறுப்பிலும் வருவது.

அண்ணாச்சியின் முகம் மலர்ந்தது. "அப்போ நாற்காலி போட்டாலும் பிரயோஜனம் இல்லைங்கீரு!"

"அங்ஙனெ இல்ல சார்..." என்று பயிற்சியாளர் தொடங்குவதற்குள் அண்ணாச்சி டீ சொல்லிவிட்டார்.

எங்கள் கடையில் விற்பனைப் பெண்கள் உட்காரக் கூடாது. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் நிற்க வேண்டும்.

2. மாம்பழக் கலர்

நாள் முழுக்க நிற்பது யாராலும் ஆகாது. அதற்கு அவர்களே ஒரு வழி வைத்திருந்தார்கள். கவுண்டருக்குப் பின்னால், விரித்த சேலைகளின் மறைவில் ஒரு மரப்பெட்டி கிடக்கும். ஒருத்தி அதில் உட்காருவாள். இன்னொருத்தி மாடிப்படியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தாஸ் தலை தெரிந்தால், "அந்த மாம்பழக் கலரை எடு" என்பாள். உட்கார்ந்தவள் கையில் ஒரு சேலையோடு எழுந்துவிடுவாள். எனக்கு இது தெரியும். கண்டுகொள்ள மாட்டேன்.

பெரும்பாலும் காவல் நிற்பவள் கோமதி. செங்கோட்டைப் பக்கத்துக்காரி. கல்யாணமாகிப் பல வருடம் கழித்து அப்போதுதான் உண்டாகியிருந்தாள். அன்றிலிருந்து பெட்டி அவளுக்கு, காவல் மற்றவர்களுக்கு என்றாகிவிட்டது. "மஹாராணி இரிக்கட்டும். தோழிமாரு நாம நிக்கலாம், அல்லே?" என்பாள் ஷீபா. அடுத்த கவுண்டர் வரை சிரிப்பு கேட்கும்.

கோமதி சொன்னால் எல்லோரும் கேட்கிறார்கள் என்பதைக் கவனித்து அண்ணாச்சி அவளைச் சூப்பர்வைசராக்க முடிவு செய்தார்.

"பிரசவம் கழியட்டும் அண்ணாச்சி. இப்போ அவளுக்கு வேண்டியது உக்கார ஒரு இடம்" என்றேன்.

"படிச்ச பிள்ளை, வகுப்புல தூங்கிட்டியா? நாற்காலில உற்சாகம் வராதுன்னு அவரே சொன்னாருல்லா. பேட்ஜைக் குத்திப் பாரு, பறப்பா!"

கோமதிக்கும் ஆசைதான். பேட்ஜைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "பிள்ளை பொறக்கும்போது அம்மை சூப்பர்வைசரு. எப்படிக்கா இருக்கு?" என்றாள்.

யாராவது உட்கார்ந்தால் தாஸிடம் சொல்வது சூப்பர்வைசரின் வேலை. அவள் ஒருத்தியைப் பற்றியும் சொல்லவில்லை. சொல்லிவிடுவாளோ என்ற பயமே மற்றவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

ஒரு நாள் காலை நானும் அவளும் மாடிப்படி ஏறி வந்துகொண்டிருந்தோம். அவள் முன்னால், நான் பின்னால். கவுண்டரிலிருந்து ஷீபாவின் குரல் கேட்டது.

"அந்த மாம்பழக் கலரை எடு."

ஒரு பெண் சேலையோடு எழுந்தாள். கோமதி பழக்கத்தில் திரும்பி, தாஸ் வருகிறாரா என்று பார்த்தாள். படியில் என்னைத் தவிர யாருமில்லை. என்னைப் பார்த்து ஒருநாளும் அவர்கள் அப்படிச் சொன்னதில்லை.

"என்னையாக்கா சொல்லுதா?" என்று கேட்டாள்.

3. ஓணம்

அதன்பிறகு அவள் பெட்டிப் பக்கம் போகவில்லை. போனாலும் அவளுக்காகப் படியைப் பார்க்க ஆளில்லை. என் அறையில் வந்து உட்காரச் சொன்னேன். "வேண்டாம்க்கா. ஆபீசுல போய் இருந்தா, எல்லாரையும் பத்திச் சொல்லிக்கொடுக்கேன்னு நினைப்பாளுவ" என்றாள்.

ஓணம் வியாபாரம் வந்தது. படி வரைக்கும் கூட்டம். கோமதி கடை திறந்ததிலிருந்து நின்றாள். மத்தியானத்துக்கு மேல் ஷெல்ஃபைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் யூனிஃபார்ம் சேலைக் கரையில் ரத்தத்தை முதலில் பார்த்தது ஷீபாதான். "கோமதி சேச்சீ!" என்று அவள் கத்திய கத்தலில் கூட்டம் விலகியது. ஆட்டோவில் கோமதியின் தலையை ஷீபா மடியில் வைத்துக்கொண்டாள். காலை நான் பிடித்துக்கொண்டேன்.

குழந்தை தங்கவில்லை. நின்றதால்தானா என்று டாக்டரிடம் கேட்டேன். அப்படிச் சொல்லிவிட முடியாது என்றார். அதைக் கேட்டு ஆறுதல் அடைவதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

"சும்மா ஒரு கேலிக்குத்தான் அக்கா சொன்னோம்" என்று ஷீபா ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதாள்.

கோமதி திரும்பி வரவில்லை. அவள் கணவர் வந்து, துவைத்து மடித்த யூனிஃபார்மையும் பேட்ஜையும் கொடுத்துவிட்டுப் போனார். அண்ணாச்சி உண்மையாகவே வருந்தினார். நேரில் போய்ப் பார்த்துவிட்டும் வந்தார். கொஞ்ச நாள் கழித்து, "அடுத்து யாருக்குக் குத்தலாம்?" என்று கேட்டார்.

அந்த முக்கோணம் தப்பு என்று நான் சொல்லவில்லை. ஓய்வும் கூட்டாளிகளும் அதில் கீழே, சரியான இடத்தில்தான் இருந்தன. அந்த இரண்டையும் உருவிவிட்டு உச்சியை மட்டும் அவளுக்குக் கொடுத்தோம். ஒருவரை உயர்த்துவதற்கு முன், இன்று அவரைத் தாங்கிக்கொண்டிருப்பது எது, நாளைக்கும் அது இருக்குமா என்று பாருங்கள். நான் கற்றது இவ்வளவுதான்.

நேற்று மகளை மறுபடி கூப்பிட்டேன். "நீ உள்ளே போகும்போது உன் ஆளுங்க பேசிட்டிருந்தா என்ன பண்ணுவாங்க?"

"நிறுத்திடுவாங்கம்மா. லீடர்னா அப்படித்தானே?"

"மத்தியானம் யாரோட சாப்பிடுற?"

"முன்னாடி எல்லாரும் சேர்ந்து போவோம். இப்போ என் சீட்லயே சாப்பிட்டுக்கிறேன். ஏம்மா?"

ஒன்றுமில்லை என்றேன். பிறகு பெங்களூருக்கு டிக்கெட் கிடைக்குமா என்று பார்க்கத் தம்பானூர் ஸ்டேஷனுக்குக் கிளம்பினேன்.