சண்டை வேண்டாம், ராஜகுமாரியைக் காட்டு

வீடியோ கேம் கடையில் வேலை என்பது, அடுத்தவன் ஜெயிப்பதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றே காலம் தள்ளிய என் இனத்தாருக்கு இந்த வயிற்றெரிச்சலை விளக்கத் தேவையில்லை. எண்பதுகளின் கடைசியில் தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பாய் கடையில் இருந்தேன். அவர் மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கேம் பெட்டியை டிவியில் மாட்டி வைத்திருந்தோம். கோட்டையில் அடைபட்ட ராஜகுமாரியை ஒரு வீரன் வழியெல்லாம் வாள் சண்டை போட்டு மீட்கும் கதை. திரையில் வரும் எழுத்து எந்த நாட்டு மொழி என்றே எங்களுக்குத் தெரியாது.

சலீமின் குறுக்கு வழி

எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவன் சலீம். ஒருநாள் ஜாய்ஸ்டிக்கைத் துடைக்கும்போது தெரியாமல் இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்திவிட்டான். ஒரு சண்டையும் இல்லாமல் வீரன் நேராகக் கடைசிக் கதவு முன்னால் போய் நின்றான். நானோ அந்தக் கதவை எட்டப் பல மாதமாக விரல் தேய அடித்துக்கொண்டிருந்தேன்.

சண்டை போட்டு ஜெயித்துத்தான் அவளைப் பார்ப்பேன் என்று எனக்கு வீம்பு. சலீம் கதவைத் திறக்கும்போதெல்லாம் எழுந்து டீக்கடைக்குப் போய்விடுவேன். பாய் ஒருநாள் சொன்னார்: "கூட்டம் பூரா சலீம்கிட்ட நிக்குது. நீ டீயே குடிச்சிட்டிரு."

தொப்பூரில் போட்ட சண்டை

ஒரு லாரி டிரைவர் முதலில் என்னிடம்தான் வந்தார். வாளை எப்படி வீசுவது என்று ஆரம்பித்தேன். "காலையிலேர்ந்து தொப்பூர் கணவாயில சண்டை போட்டுட்டுத்தாங்க வர்றேன். இங்கயுமா?" என்று சலீம் பக்கம் நகர்ந்துவிட்டார்.

நான் டீ குடித்துவிட்டு வரும்போது வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அந்தப் பொண்ணு 'சாப்ட்டியா'ன்னு கேக்குதுங்க. என்னைய யாருங்க அப்பிடிக் கேட்டிருக்காங்க?"

பாப்பாரப்பட்டி அக்கா

பாப்பாரப்பட்டி பஸ்ஸுக்குப் புருஷனோடு காத்திருந்த அக்கா ஒருவர் உள்ளே வந்தார். முடிவு தெரியாமல் பஸ் ஏற மாட்டேன் என்றார். அவரையும் சலீமே கவனித்தான். வெளியே வந்து புருஷனை ஒரு பார்வை பார்த்தபடி சொன்னார்: "'எங்கம்மா வூட்டுல கொண்டுபோய் வுடு'ன்னு கேட்டுச்சுங்க. நாயந்தானே?"

டிரைவர் ஒன்று சொல்கிறார், அக்கா வேறொன்று சொல்கிறார். எது உண்மையோ, பஸ் ஸ்டாண்டிலேயே அது தெரியாதவன் நான் ஒருவன்தான் என்று பொறாமையில் சோறு இறங்கவில்லை.

கதவு திறந்தது

ஒரு மத்தியானம் ஜெயித்தேன். கடையில் சலீமைத் தவிர யாருமில்லை. கதவு திறந்தது, ராஜகுமாரி வந்தாள், வாயசைத்தாள். கீழே ஒரு வரி எழுத்து வந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. மானத்தை விட்டுக் கேட்டேன், "என்னடா சொல்றா?"

"எனக்கென்னண்ணா தெரியும்? வர்றவங்க மூஞ்சியப் பாத்து ஏதோ ஒண்ணு சொல்லி அனுப்புவேன்."

"சரி, எனக்குச் சொல்லு."

சலீம் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "'சலீம் மேல இன்னும் கோவமா'ன்னு கேக்கறாண்ணா."

வழியெல்லாம் வெட்டிச் சாய்த்து நான் போய்ச் சேர்ந்த இடத்திலும், அவள் அவனைப் பற்றித்தான் கேட்டாள்.